நூற்றுப்பன்னிரண்டு கட்டங்கள்

வாத்தியக் குழுவில் நான் இரண்டாம் பசூன்.
முதல் பசூனுக்குச் சளி பிடித்தால் மட்டும்
யாருக்காவது என் பெயர் ஞாபகம் வரும்.
ஆகவே யெவ்கிராஃப் நிகானரவிச் சுதகோவைப் பற்றி
நான் சொல்வதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து பார்த்தது.
அரங்கம் அவர் முதுகைத்தான் அறியும்.
எங்களுக்கு முகம்.

சோலிகாம்ஸ்க்கில், உப்புக் காய்ச்சும் கொட்டகையை ஒட்டிப் பிறந்தவர்.
அப்பா மூட்டைக் கணக்கு எழுதினார்.
'பேனா எடுத்தால் இன்னும் நாக்கு கரிக்கிறது' என்பார்.
பேச்சுக்குச் சொன்னாரா, நிஜமா, தெரியாது.
பத்தொன்பது வயதில் பெத்ரோகிராது போய்
இசை படித்து
ஒற்றைக் காலணியோடு திரும்பினார்.
மற்றதை ரயிலில் யாரோ
தூக்கம் கலையாமல் கழற்றிக்கொண்டான்.
'அவனல்லவா விரல் உள்ளவன்!'

முதல் சிம்பொனிக்குப் பதினோரு நிமிடக் கைதட்டல்.
இரண்டாவதற்கு ஓர் அறை,
ஆறு குடும்பத்துக்குப் பொதுவாய் ஓர் அடுப்படி.
எல்லாரும் படுத்தபின்
மெழுகுத்துணி விரித்த மேஜையில் எழுதுவார்.
கபிதோலினா அம்மாளின் துணி அண்டாவில் கொதிக்கும்.
ஒருமுறை பீட்ரூட் சாறு தெறித்த கறையை
வயோலாக்காரர்கள் சுரமென்று வாசித்துவிட்டார்கள்.
கோலை நிறுத்திவிட்டு யோசித்தார்.
'இருக்கட்டும்' என்றார்.
இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதற்குக் கூட்டம் போட்டார்கள்.

நாற்பத்தெட்டு, பிப்ரவரி.
அப்போது ஊருக்கே ஒரு மந்திரியின் பெயர்,
காமா ஆற்றுக்கு மட்டும் பழைய பெயர்.
மக்களுக்குப் புரியாத இசை என்று ஒருவர் வாசித்தார்.
சோளத்தட்டையை மாடு மெல்வதுபோல் வாசித்தார்.
கை தூக்கச் சொன்னார்கள்.
பசூனைத் தூக்கிப் பழகிய கை,
கனமே இல்லாமல் மேலே போயிற்று.
அவர் வரிசை வரிசையாகப் பார்த்து வந்தார்.
எங்களிடம் வந்ததும் லேசாகத் தலையசைத்தார்,
இதோ உங்கள் முறை என்று
நுழைய இடம் காட்டுவாரே,
அதே அசைவு.

அன்றிரவு கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தேன்.
உப்பு என்னவோ அவர் ஊருடையது.

அப்புறம் ஒன்பது வருஷம் பொம்மலாட்டக் கொட்டகை.
கரடிக்கு நடை, நரிக்கு அழுகை,
முயல் செத்துப் பிழைக்க நாலு கட்டம்.
படகுத்துறைத் தொழிலாளர்களுக்கு ஓர் அணிவகுப்பு,
அதில் எங்கோ நீராவிக் கப்பலின் ஊதல் பொய்ச்சுரமாய் வரும்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
பிள்ளைகளைக் கூட்டம் போடச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்தேழில் ஊருக்குப் பெயர் திரும்ப வந்தது.
அந்தக் குளிரில்தான் நான்காவது சிம்பொனி.
என் தாளைப் பிரித்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு கட்டம் மௌனம்.
பிறகு ஒரே ஒரு சுரம்.
குழலின் அடிமட்டத்துச் சுரம், தனியாக,
மிக மிக மெல்ல.
அதை மெல்ல ஊதுவதென்றால்
யானையை நுனிக்காலில் நடத்துவது.
எங்களுக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.

தண்டனையா?
மன்னிப்பா?
நான் கேட்கவில்லை. கேட்கிற ஆளாயிருந்தால்
அன்றைக்கே கேட்டிருப்பேன்.
ஒத்திகையில் நூற்றுப்பதினொன்றில் நுழைந்துவிட்டேன்.
குழு சிரித்தது.
இருட்டு இருக்கைகளிலிருந்து அவர் குரல்:
'இன்னும் ஒன்று பாக்கி.'

அறுபத்திரண்டில் போனார்.
மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டு
கபிதோலினா அம்மாள்தான் தோள் கொடுத்துத் திருப்பினாள்.
செய்தித்தாளில் நாலு வரி,
தகப்பன் பெயர் தப்பு.
ஊதிப்போன வாத்தியக் குழுவில் பசூன் கிடையாது,
பனியில் அது உதவாது.

அரங்கேற்ற இரவை விட்டுவிட்டேனே.
ஸ்வெர்த்லோவ்ஸ்க்கிலிருந்து வந்த ஓர் இளைஞன் நடத்தினான்.
எண்ணினேன். நூறு. நூற்றுப்பத்து.
நூற்றுப்பன்னிரண்டு முடிந்து
ஊதினேன்,
வாழ்நாளில் அப்படி ஊதியதில்லை,
அதே கணம் அரங்கில் யாரோ இருமினார்கள்.

ஏழாம் வரிசை, ஓரத்து இருக்கை.
அவர்தான்.